கைப்பேசி சொன்னால் கால் கேட்குமா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அறுபதைத் தாண்டியவர்களின் கைப்பேசிக்குள் இன்று ஒரு மருத்துவமனையே குடியிருக்கிறது. முட்டிவலிக்கு முடக்கத்தான், எலும்புக்குப் பிரண்டை, இடுப்புப் பிடிப்புக்கு ஏழு ஆசனங்கள், 'இதை மட்டும் செய்தால் ஆபரேஷனே வேண்டாம்' என்று தொடங்கும் காணொளிகள், யார் எழுதியதென்றே தெரியாமல் குழுவுக்குக் குழு தாவும் வாட்ஸ்அப் செய்திகள். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் கவலை ஒரே பக்கம்தான் ஓடுகிறது: இதில் எது மெய், எது பொய்? கவலை நியாயமானது. ஆனால் வயதான காலத்தில் நடமாட்டத்தைக் காத்துக்கொள்ளும் விஷயத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பொய்யையெல்லாம் களைந்துவிட்டு, முழுக்கச் சரியான தகவலை மட்டும் ஒரு முதியவர் கையில் கொடுத்தால் அவர் கால் வலுப்படுமா? இந்தக் கேள்வியைத் தெரிந்தோ தெரியாமலோ பல மருத்துவ ஆய்வுகள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அவை தரும் பதில் நம்பிக்கையூட்டுவதாக இல்லை. தகவலோடு ஓர் ஆளோ, ஒரு குறித்த நேரமோ, படிப்படியாக ஏறும் ஒரு திட்டமோ சேராதவரை அது காலுக்கு இறங்குவதில்லை. கொங்கு நாட்டில் தகவலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அந்த இரண்டாவது பாதிக்குத்தான் என்பதே என் வாதம்.

முதலில் ஏன் இந்தப் பகுதி என்று சொல்லிவிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021க்கு 13.6 சதவீதம் என்றும் 2031க்கு 18.2 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கொங்குப் பகுதி சிறு குடும்பத்தை மற்றவர்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட பகுதி. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அவர்களில் பலர் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்காமல், அவரவர் காட்டில், தோட்டத்துச் சாளையில் தனி வீடு கட்டிக் குடியிருப்பது இங்குள்ள விவசாயக் குடும்பங்களின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் முட்டி மடங்க மறுத்தால் கட்டுத்தரைக்குப் போவதும் மோட்டார் போடுவதும் அன்றே நின்றுவிடும். எட்டிப் பார்க்கப் பக்கத்து வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்காது. நகரத்து முதியவர்களின் வரலாறு வேறு. 1888இல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து கோவையின் உழைப்பு பெரும்பாலும் நின்றுகொண்டே செய்யும் உழைப்பு. ஸ்பின்னிங்கில் ஷிப்டு முழுக்க நின்றவர்கள், சோமனூர், பல்லடம் விசைத்தறிகளுக்கு இடையே நடந்துகொண்டே இருந்தவர்கள், குத்தவைத்துக் களையெடுத்த பெண்கள் ஆகியோர்தாம் இன்று எழுபது வயதுக்காரர்கள். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. முட்டிவலி இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் சங்கதி. அதைச் சுற்றி ஒரு சந்தை எழுந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி ஆதாரத்துக்கு வருவோம். முதுமையில் தசை கரைவது இயற்கை, அதைத் தடுக்க முடியாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. அதை அசைத்தது 1990இல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் காப்பகத்தில் நடந்த சின்னஞ்சிறு ஆய்வு. மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கண்துடைப்பாக அரைக்கிலோ, ஒரு கிலோ அல்ல. தூக்க முடிந்த உச்ச எடையின் பெரும்பகுதியைத் தூக்க வைத்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வைப் பகிர்கிறவர்கள் அதன் இரண்டாம் பகுதியைச் சொல்வதில்லை. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வலு இறங்கிவிட்டது. 2007இல் வந்த வேறொரு ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னபோது, கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்தது. எந்த வயதிலும் வலு ஏறும், விட்டால் உடனே இறங்கும் என்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது. ஒரு முறை கற்றுக்கொண்டால் போதுமென்றால் அதற்குக் காணொளி போதும். வாரத்தில் மூன்று நாள், வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்ய வேண்டியதற்கு அது போதுமா என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலைத் தொடும் மிக முக்கியமான சோதனை 2014இல் வெளிவந்தது. அமெரிக்காவின் எட்டு மையங்களில் 70 முதல் 89 வயது வரையுள்ள, உட்கார்ந்தே பழகிப்போன 1,635 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கு வந்து நடை, கால் வலுப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி செய்தது. மற்ற நாட்களில் வீட்டில் தொடர்ந்தது. இன்னொரு குழுவைச் சும்மா விடவில்லை. அவர்களுக்கு நலவாழ்வுக் கல்வி வகுப்புகள் நடந்தன: முதல் ஆறு மாதம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, கூடவே கைகளை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி. சொல்லப்போனால், நம் முதியவர்கள் கைப்பேசியில் தேடும் தகவலின் மிகச் சிறந்த வடிவத்தை, தகுதியுள்ளவர்கள் வாயால், நேரில் பெற்றவர்கள் அவர்கள். சராசரியாக 2.6 ஆண்டுகள் கழித்து, 400 மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் நடக்க முடியாமல் போனவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம், கல்விக் குழுவில் 35.5 சதவீதம். வித்தியாசம் மலையளவு இல்லை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வயதில் நூற்றுக்கு ஐந்து பேர் நடையை இழக்காமல் தப்புவது சின்ன விஷயமும் இல்லை. நடை போவது என்றால் வீட்டு வாசலைத் தாண்ட இன்னொருவர் வேண்டும் என்பதுதானே பொருள். எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. தோற்ற குழுவுக்கு அறிவில் குறையொன்றும் இல்லை.

இந்த வெளிச்சத்தில் இணையத்தைப் பார்த்தால், அங்குள்ள அப்பட்டமான பொய்யைவிடப் பாதி மெய்தான் அதிகத் தொல்லை தருவதாகத் தோன்றுகிறது. பத்தாயிரம் அடி கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிந்தைய ஆண்டான 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடிமானியின் பெயரிலிருந்து வந்த எண் அது. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் பிறக்கவில்லை. 2019இல் ஐ-மின் லீயும் சகாக்களும் சராசரி 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களின் அடிகளை அளந்து பார்த்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் தொடங்கிய நடைபாதையின் நீளமும் 8 கிலோமீட்டர். அது பத்தாயிரம் அடியை எட்டும் தூரம். கோவை ரேஸ்கோர்ஸில் விடியற்காலை கைவீசி நடக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது சரி. முட்டி வீங்கிய எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த எண் ஒரு சுவர்தான். எட்ட முடியாதென்று தெரிந்த இலக்கை யாரும் தொடங்குவதில்லை. இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரத்துக்குப் போவதில்தான் பயனின் பெரும்பங்கு இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை; அவருடைய இன்றைய கணக்கு எவ்வளவு என்று காணொளிக்குத் தெரியவும் தெரியாது.

மாத்திரை, எண்ணெய், பொடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட அவை மேலாக இல்லை. இருந்தும் அவை இன்றும் விற்கின்றன. உள்ளூர் உதாரணம் ஒன்று இதைவிடச் சுவையானது. முடக்குவாதத்துக்கு ஆயுர்வேதமும் மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்தும் எப்படி வேலை செய்கின்றன என்று, நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது எவருக்குப் போகிறது என்று தெரியாத முறையில், கோவையிலேயே ஒரு சோதனை நடந்தது. 2011இல் முடிவு வெளியானது. மொத்த நோயாளிகள் 43 பேர், காலம் 36 வாரம். ஆயுர்வேதம் மட்டும், மெத்தோட்ரெக்சேட் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மருந்து பெற்ற மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். மரபு மருத்துவத்தையும் இப்படிக் கறாராகச் சோதிக்க முடியும் என்று காட்டியதுதான் அதன் உண்மையான சாதனை. முன்னோட்ட ஆய்வு என்றே அதைச் செய்தவர்கள் குறிப்பிட்டார்கள். இத்தகைய நிதானமான வாக்கியம் கைப்பேசிக்குள் நுழையும்போது எப்படி மாறும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை: நாற்பத்து மூன்று பேர் மறைந்துவிடுவார்கள், 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல் நிற்கும், முடக்குவாதம் என்ற தனி நோய் எல்லா முட்டிவலியும் ஆகிவிடும். உடலே தன் மூட்டைத் தாக்கும் நோய்க்கும், வயதோடு வரும் தேய்மானத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. முன்னதில் மருந்தைத் தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். பின்னதில் உடற்பயிற்சியே முதல் மருந்து. இந்தப் பிரிவினையைச் செய்யாத எந்த அறிவுரையும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், ஆபத்துதான்.

கோவை மாவட்டம் இணையத்துக்கு மூன்று பெரியவர்களைக் கொடுத்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்து, தொண்ணூற்று ஒன்பது வயதுவரை யோகா கற்றுக்கொடுத்து 2019இல் மறைந்த நானம்மாள். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்த இயற்கை விவசாயி பாப்பம்மாள். 2021இல் பத்மஸ்ரீ, 2024இல் மறைவு. அதே மேட்டுப்பாளையம் பகுதியின் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன். 87 வயதில், 2024இல் பத்மஸ்ரீ. இவர்களைப் பற்றிய காணொளிகள் எங்கெல்லாமோ போயின. எல்லோரும் தேடியது ரகசியத்தை: என்ன சாப்பிட்டார், எந்த ஆசனம், எத்தனை மணிக்கு எழுந்தார். இந்தத் தேடலில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அவர்களைப் போலவே களி சாப்பிட்டு, அவர்களைப் போலவே உழைத்து, அறுபத்தைந்தில் படுக்கையில் விழுந்தவர்களைப் பேட்டி எடுக்க யாரும் கேமரா கொண்டு போகவில்லை. மிஞ்சியவர்களை மட்டும் பார்த்துக் காரணம் கண்டுபிடித்தால் எந்தக் காரணமும் பொருந்தும். ஆயினும் மூவரிடமும் பொதுவாக ஒன்று இருப்பதை மறுக்க முடியாது; அது சாப்பாட்டுத் தட்டில் இல்லை. நானம்மாளுக்கு மாணவர்கள் வருவார்கள். பாப்பம்மாளுக்குத் தோட்டம் காத்திருக்கும். பத்ரப்பன் பெண்களையும் சேர்த்துக் கும்மி பழக்கியவர். வட்டம் கூடினால் வாத்தியார் நிற்க வேண்டும். அன்றைக்கு உடம்பை அசைக்கலாமா வேண்டாமா என்று தினமும் காலையில் தனியாக முடிவெடுக்கும் நிலை மூவருக்குமே இல்லை. இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பெரிய ஆய்வுகள் காட்டும் திசையும் இதுவே.

இங்கே ஒரு மறுப்பு எழும், கிராமத்தில் கண்டிப்பாக எழும். 'ஆயுசுக்கும் உழைச்சாச்சு, இனி என்னங்க எக்சர்சைஸ்?' என்பார்கள். பாதி நியாயமான கேள்வி இது. நாற்பது ஆண்டு குத்தவைத்துக் களையெடுத்த முட்டிக்கு அந்த உழைப்பே சேதம் செய்திருக்கலாம். உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. உழைப்பு ஒரே அசைவை ஆயிரம் தடவை கேட்கும், வலித்தாலும் விடாது. கூலி அளவைப் பொறுத்ததே தவிர உடம்பின் தயார்நிலையைப் பொறுத்ததல்ல. பயிற்சி என்றால் இன்றைய வலுவிலிருந்து தொடங்கி, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டி, வலி கூடினால் குறைத்து, சமநிலைக்கும் தொடைக்கும் தனித்தனியாக வேலை கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டுமென்று தனியாகச் சொல்வது இதனால்தான். கீழே விழுவதைப் பற்றி 2019இல் தொகுக்கப்பட்ட 108 பரிசோதனைகளும் இதையே காட்டின: பயிற்சி செய்தவர்களிடம் விழுதல் 23 சதவீதம் குறைவு. நேற்றைய உழைப்பை இன்றைய தசை சேமித்து வைப்பதில்லை என்பதைப் பத்து நாள் படுக்கை ஆய்வில் ஏற்கெனவே பார்த்தோம்.

இதைவிட வலுவான மறுப்பு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வரும். இணையம் வழியாகவே பயிற்சி கொடுத்து வெற்றி கண்ட ஆய்வுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, அதுவும் நல்ல ஆய்வுகள். ஆஸ்திரேலியாவில் கிம் பென்னல் குழு 2017இல் முட்டிவலி உள்ள 148 பேரிடம் சோதித்தது: ஸ்கைப்பில் ஏழு முறை பிசியோதெரபிஸ்ட் பேசி வீட்டுப் பயிற்சி கொடுத்தார், வலியைச் சமாளிக்கும் பயிற்சியும் இணையத்தில் கிடைத்தது. வலியும் நடையும் தெளிவாக மேம்பட்டன. அதே வட்டாரத்தினர் 2021இல் இன்னொரு படி போனார்கள்: பிசியோதெரபிஸ்டே இல்லாமல், இணையத்தில் 24 வாரத் திட்டம் ஒன்றும், தானாக வரும் நினைவூட்டல் குறுஞ்செய்திகளும் மட்டும். 206 பேரில் அதுவும் பலன் தந்தது. சிட்னியில் எழுபது வயதைக் கடந்த 503 பேருக்கு டேப்லெட்டில் சமநிலைப் பயிற்சி கொடுத்த ஆய்வில் முதலாண்டில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாண்டு முடிவில் விழுதல் 16 சதவீதம் குறைந்திருந்தது. ஆக, திரை வழியாகக் கால் வலுப்படாது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது தவறு. ஆனால் இந்த மூன்று ஆய்விலும் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். மூன்றிலும் அவர்களுக்குச் சரியான நலவாழ்வுத் தகவல் கிடைத்தது. பென்னல் ஆய்வில் இரு தரப்பும் படித்தது ஒரே கல்விப் பக்கங்கள். ஜெயித்தது தகவலோடு சேர்ந்த மற்றது: வாரக் கணக்கில் வகுத்த படிகள், 'இன்று செய்தீர்களா' என்று கேட்கும் குரல், அது இல்லாவிட்டால் குறைந்தபட்சம் கேட்கும் ஒரு குறுஞ்செய்தி. நம் யூடியூப் இதற்கு நேர் எதிராக அமைந்தது. அது அடுத்த காணொளிக்கு அழைக்கும், நேற்றைய பயிற்சிக்குத் திரும்ப அழைக்காது. பார்த்துக்கொண்டே இருப்பவரால்தான் அதற்கு லாபம். எழுந்து போனவரால் என்ன லாபம்?

சட்டத்தால் இதைச் சீர்செய்யலாம் என்பாரும் உண்டு. சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டம் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் வாத நோயையும் வைத்திருக்கிறது. பதஞ்சலி வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் காட்டிய கோபமும், பத்திரிகைகளில் வெளிவந்த மன்னிப்பும் பலருக்கு நினைவிருக்கும். இவை தேவை, குறிப்பாக, வலிநிவாரணப் பொடியில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்களை விட்டுவைக்கவே கூடாது. ஆனால் சட்டம் பொய்யை நிறுத்தும், அவ்வளவே. பொய் நின்ற இடத்தில் முதியவர் தானாக எழுந்து நடந்துவிடுவதில்லை. 1,635 பேரின் ஆய்வில் கல்விக் குழுவுக்கு யாரும் பொய் சொல்லவில்லை என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

மிச்சமிருப்பது நடைமுறை மறுப்பு. ஒவ்வொரு முதியவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கு எங்கே போவது, கையில் இருப்பது கைப்பேசிதானே என்ற கேள்வி. அந்தக் கைப்பேசியும் எல்லோர் கையிலும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 46.9 சதவீதம், ஆண்களில் 70.2 சதவீதம். இதுவும் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களின் கணக்கு. அவர்களுடைய மாமியார்களிடம் நிலைமை எப்படியிருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். முட்டிவலியோ பெண்களுக்குத்தான் அதிகம். வீட்டில் மகனோ பேரனோ பார்த்துவிட்டு, 'ஆத்தா, இப்படிச் செய்யுங்க' என்று காட்டுவதுதான் பல வீடுகளில் இணையத் தகவல் வந்து சேரும் வழி. வார இறுதியில் காட்டியது திங்கட்கிழமை மறந்துபோகும்.

ஆனால் ஆள் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வட்டார அளவில் பிசியோதெரபியும் வீட்டுக்கே போகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்ற திட்டம் இது. இதன் பிசியோதெரபி விழுந்தவர்களைத் தேடிப் போகிறது; விழப்போகிறவர்களைத் தேடுவதில்லை என்பது என் குறை. இன்னொரு அமைப்பு அரசுக்கு வெளியே இருக்கிறது. வேதாத்திரி மகரிஷி 1958இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கமும், ஆழியாறு அறிவுத்திருக்கோயிலும், கொங்கு ஊர்களில் பரவிய மனவளக்கலை மன்றங்களும் பெரியவர்களை ஒரு குறித்த நேரத்தில் ஒரே கூரையின்கீழ் கூட்டும் பழக்கத்தை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அங்கே கற்றுத்தரும் எளியமுறை உடற்பயிற்சியில் எடையைப் படிப்படியாகக் கூட்டும் அம்சம் குறைவு. தொடைக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் பெரும் பணம் செலவழித்து உருவாக்கும் கூட்டமும் நேரமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வள்ளி கும்மி பழகும் பெண்கள் குழுக்களும் அப்படித்தான்: வட்டம், தாளம், அடி மாற்றம், குனிதல், நிமிர்தல். ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து வகுத்தாலும் சமநிலைப் பயிற்சியை ஏறக்குறைய இப்படித்தான் வகுப்பார்.

தடைகளும் இருக்கின்றன, அவற்றைக் காணொளி பேசுவதில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்திலும், 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, விடியுமுன் தனியாக நடக்கப் போங்கள் என்று ஒரு தோட்டத்து வீட்டுப் பெரியவருக்கு யார் அறிவுரை சொல்வது? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசப் பயணம் உண்டு. மன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக் காசு தடையில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸின் முதல் படி முட்டிவலிக்காரர் ஏறும் உயரத்தில் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் நடை என்ற ஒற்றை அறிவுரையைவிட, வீட்டுக்குள்ளேயே நாற்காலியைப் பிடித்துச் செய்யும் வலுப் பயிற்சிதான் பொருந்தும். கைப்பேசிக்கு உருப்படியான வேலை ஒன்று அங்கே இருக்கிறது: தன்னார்வலர் தானே நேரில் காட்டிய நான்கு அசைவுகளை அந்தக் கைப்பேசியிலேயே படமெடுத்து விட்டுப்போவது. அந்தப் படத்தில் பேசுவது தெரிந்த குரலாக இருக்கும். அடுத்த மாதம் அதே ஆள் வந்து, செய்தீர்களா என்று கேட்கவும் கேட்பார்.

கேட்டால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து முப்பது வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்ற சோதனை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க அளவுகோலில் 70 முதல் 74 வயதுப் பெண் பத்துக்குக் குறைவாகவும், ஆண் பன்னிரண்டுக்குக் குறைவாகவும் எழுந்தால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறார்கள். நாற்காலியைவிடத் தரையிலும் திண்ணையிலும் உட்கார்ந்து பழகிய நம் ஊருக்கு இந்த எண்கள் பொருந்துமா என்பது தனியாகப் பார்க்க வேண்டியது. அதைப் பார்க்கக் கோவையில் மருத்துவக் கல்லூரிகளும் பிசியோதெரபிக் கல்லூரிகளும் இருக்கின்றன. தன்னார்வலரின் பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டமும் சர்க்கரைக்கு ஒரு கட்டமும் உண்டு. மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, சென்ற மாதம் ஏழு, இந்த மாதம் எட்டு என்று எழுதுவதற்குச் செலவாவது அரை நிமிடமும் ஒரு நாற்காலியும்.